மூன்று சக்கரமும் ஒரு வார்த்தையும்

முதலில் துரோகம் செய்தவன் தவசிமுத்து. அவனுக்குப் பின்னால் போலீஸ்காரர் செய்தார், வக்கீல் செய்தார், சாட்சி சொன்னவர்கள் செய்தார்கள், செம்புளிவிளை ஊரே வரிசையில் நின்று செய்தது. ஆனால் வரிசை என்றால் அதற்கு ஒரு முதல் ஆள் உண்டு, அந்த முதல் ஆள் தவசிமுத்து என்பதில் பிச்சைக்கனிக்குப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. தவசிமுத்து வேறு யாரோ அல்ல, பெண்டாட்டி வெள்ளத்தாயின் கூடப்பிறந்த தம்பி.

நடந்தது இவ்வளவுதான். கள்ளிவிளையில் ஒரு கல்யாண வீட்டில் பிச்சைக்கனி குடித்தான். குடித்தது உண்மை. குடித்ததனால்தான் மோட்டார் சைக்கிள் சாவியை மச்சினன் கையில் கொடுத்து, நடுவில் பதினாறு வயது மகள் ஜெயக்கொடியை உட்காரவைத்து, தான் கடைசியில் உட்கார்ந்தான். உச்சி வெயிலில் ஓடைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வண்டி மோதியது. ஜெயக்கொடி அந்த இடத்திலேயே போய்விட்டாள். பிச்சைக்கனிக்கு இடதுகால் முட்டிக்குக் கீழே போயிற்று. தவசிமுத்துவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. சிராய்ப்போடு ஊருக்குள் முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவன் அவன்தான், அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டே அவன் சொன்னது, "அத்தான் குடிச்சிட்டு ஓட்டினாக, நான் சொன்னா கேக்கல." பதினோரு நாள் கழித்துப் பிச்சைக்கனி கண் விழித்தபோது அந்தப் பேச்சு வெயிலில் காய்ந்த செங்கல்போல இறுகிப்போயிருந்தது. அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. வெள்ளத்தாய் நம்பவில்லை. அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவும் இல்லை. வேளாவேளைக்குச் சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், சட்டை துவைத்துப்போடுவாள். வார்த்தை மட்டும் கிடையாது.

அவனுக்குச் சேரவேண்டியது ஒரே ஒரு வார்த்தை. "நான்தான் ஓட்டினேன்" என்று தவசிமுத்து தன் அக்காள் காதுபட ஒருதரம் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழக்கூடப் பிச்சைக்கனி தயாராக இருந்தான்.

தவசிமுத்து இருப்பது ஆறு கிலோமீட்டர் தள்ளி, பஸ் போகாத கள்ளிவிளையில். ஒற்றைக்காலோடு தேரியின் செம்மணல் மேடுகளில் அவ்வளவு தூரம் போகமுடியாது, பெற்ற பிள்ளையைக் கொன்றவன் என்று பெயரெடுத்தவனைத் தன் வண்டியில் ஏற்றிப்போகவும் ஒருவரும் வரவில்லை. பத்து வருஷம் இப்படிப் போனபிறகுதான், முருங்கை மரத்தடியில் சாக்கு மூடிக் கிடந்த அதே மோட்டார் சைக்கிளை, பட்டறையிலிருந்து வந்த மாட்டுவண்டியில் ஏற்றி, மெயின்ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த லாசரிடம் கொண்டுபோனான்.

லாசர் அந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை மூன்று சக்கரமாக்குவதில் பெயர்போனவன். பின் சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய ஆட்டோவின் பின் அச்சை இரண்டு சக்கரத்தோடு கொண்டுவந்து பற்றவைப்பான். இடதுகால் இல்லாதவர்களுக்குக் கியரைக் கைக்குக் கொண்டுவந்து தருவான். வேலை முடிந்து வண்டியை ஓட்டிப் பார்த்த சொந்தக்காரன் திருப்தி என்றால் ரெட் ஆக்சைடு பெயின்டில் உள்ளங்கையை முக்கிப் பட்டறைச் சுவரில் அப்பவேண்டும், அதுதான் அங்கே வழக்கம். அறுபதுக்கு மேல் கைகள் அந்தச் சுவரில் இருந்தன.

"என்னவே, ஓட்டம் எப்படி? திருப்திதானா?" என்று பெயின்ட் டப்பாவோடு வந்தான் லாசர்.

"ஓட்டம் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ கைய வையும்."

"நான் எதுக்கு வண்டி செஞ்சேனோ அது முடியட்டும். அப்புறம் வைக்கேன்."

"பொண்ணு பாத்தாச்சு, பிள்ள பொறக்கட்டும் பூ வச்சு நிச்சயம் பண்ணுதேம்ங்கீரு. கோட்டிக்காரன்வே நீரு!"

வண்டிப் பூசை அன்று அம்மன் கோவில் வாசலில் பூசாரி பழக்கதோஷத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வைப்பதுபோல இரண்டே எலுமிச்சம்பழம் வைத்தார். மூன்றாவது சக்கரத்துக்குப் பழம் இல்லை என்பதை வண்டி ஏறி நசுக்கிப் போனபிறகுதான் எல்லாரும் கவனித்தார்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். எலுமிச்சம்பழத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் தன் வெல்டிங்தான் என்று லாசர் சொன்னான். பிச்சைக்கனி அன்றைக்கே கள்ளிவிளைக்குப் போய்த் தவசிமுத்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஆரன் அடித்துக்கொண்டிருந்தான். தவசிமுத்து பின்வாசல் வழியாகப் பனங்காட்டுக்குள் போய்விட்டான். அடுத்த வெள்ளிக்கிழமையும் போனான், அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் போனான், வெள்ளிக்கிழமைதோறும் பிச்சைக்கனி முன்வாசலில் ஆரன் அடிப்பதும் தவசிமுத்து பின்வாசலில் இறங்குவதுமாக இரண்டு வருஷம் ஓடிற்று.

அந்த இரண்டு வருஷத்தில்தான் வண்டியின் பின்சீட்டுச் சங்கதி வெளியே வந்தது.

முதலில் ஏறியவள் தங்கபுஷ்பம். ரேஷன் கடையில் அரிசி வாங்கிக்கொண்டு முட்டிவலியோடு நின்றவள், வேறு வழியில்லாமல், "கொலகாரன் வண்டின்னாலும் வண்டிதான" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். அவளுக்கும் அவள் கொழுந்தனுக்கும் ஒரு புளியமரத்துக்காகப் பத்தொன்பது வருஷமாக வழக்கு. வீட்டு வாசலில் இறங்கியவள் அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் கொழுந்தன் வீட்டுக்குப் போய், "மரம் உமக்கே இருக்கட்டும் கொழுந்தனாரே, எனக்கு நெழலு போதும்" என்று சொல்லிவிட்டு வந்து, அன்று இரண்டு தட்டுச் சோறு தின்றாள். அவளுக்குப் பின்னால் ஏறிய போஸ்ட்மேன் ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த இடமாற்றத்தை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். புருஷன் சவூதியில் இருந்து வரவில்லையே என்று நாள் தவறாமல் அழுதுகொண்டிருந்த ஒருத்தி, இறங்கும்போது, "வந்தாத்தான் என்ன, வராட்டாத்தான் என்ன" என்று தலைமுடியைத் தட்டி முடிந்துகொண்டு போனாள். எதற்காக ஒரு மனம் கிடந்து அடித்துக்கொண்டிருந்ததோ, அது ஏறின இடத்துக்கும் இறங்குகிற இடத்துக்கும் நடுவில் எங்கோ அடங்கிப்போயிற்று. மறந்துபோவதில்லை. எல்லாம் நினைவிருக்கும், ஆனால் முள் இருக்காது.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிணற்றில் தண்ணீர் உப்பாக இருக்கிறது, தேரியில் மணல் சிவப்பாக இருக்கிறது, பிச்சைக்கனி வண்டியில் ஏறினால் மனம் நிறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். பஞ்சாயத்துப் போர்டு வாசலில் வரிசை நின்றது. திங்கள், செவ்வாய் பெண்களுக்கு என்றும் புதன் ஆண்களுக்கு என்றும் அவர்களே பிரித்துக்கொண்டார்கள். பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்று நின்ற பெண்களைத் தாய்மார் பூ வைத்து அழைத்துவந்து ஏற்றினார்கள். கோர்ட்டில் கேஸ் நடத்துகிறவர்கள் மட்டும் வண்டி வருகிற சத்தம் கேட்டால் சந்துக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள். "ஏறிராதலே, தீர்ப்பு வரட்டும்" என்று மகன்களுக்குப் புத்தி சொன்னார்கள். டீக்கடை சுடலைக்கண்ணு பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனான், குடித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் ஒருநாள் வெறும் சூடான சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தான், அதற்கும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவனுக்கே பயம் வந்து மறுநாள் டீயைத் திக்காகப் போட்டான்.

குடிதண்ணீர்க் குழாய் அந்தக் கோடையில் நின்றது. முன்பெல்லாம் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் காலிக் குடங்களோடு போய் மெயின்ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறிக்கிற பெண்கள், இப்போது குழாயடியில் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு, "வரும்போது வரட்டும்" என்று ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாரம் ஒன்றாயிற்று, மாதம் ஒன்றாயிற்று. உதடு வெடித்த பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் சிரித்தார்கள். தாலுகா ஆபீஸிலிருந்து வந்து பார்த்த அதிகாரி, இந்த ஊரில் ஒரு குறையும் இல்லை, மனு ஒன்றுகூட வரவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். மூன்று மாதக் குழந்தை ஒன்று அந்தக் கோடையில் செத்தது. தகப்பன் அன்று பிற்பகலே வந்து பின்சீட்டில் ஏறினான். பிச்சைக்கனி, "ஏறாதலே, ஒரு நாளாவது அழு" என்றான். அவன் கேட்கவில்லை, இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெயில் கொறஞ்சிருக்கு என்ன?" என்று கேட்டான்.

வண்டியின் திருப்தி பின்சீட்டோடு நின்றது. முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு இடுப்புவலி, புழுதி, சூடு இவைதான். அவன் பின்சீட்டில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கழுவும்போதுகூட எட்ட நின்று தண்ணீரை வீசியடிப்பான்.

"நான் ஓட்டுதேன்வே. நீரு ஒரே ஒரு தடவ பின்னால உக்காரும்," என்று லாசர் ஒருநாள் கெஞ்சினான். அவனிடம் நாகர்கோவிலிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஆட்கள் வந்து இதேபோல வேண்டும் என்று கேட்டு, அவனும் அதே அச்சு, அதே கம்பி, அதே ஆட்டோ சக்கரம் போட்டு நாற்பது வண்டி செய்துகொடுத்திருந்தான். நாற்பதும் நன்றாக ஓடின. ஒன்றில்கூட மனம் நிறையவில்லை. "ஊரெல்லாம் திருப்தி, வண்டிக்காரனுக்கு மட்டும் திருப்தி இல்லன்னா எனக்குத்தானவே அவமானம்?"

"உக்காந்தா என்ன ஆவும்?"

"தவசிமுத்து மேல இருக்க காந்தல் போவும். நிம்மதியா இருப்பீரு."

"அதுவும் போயிட்டா எம் மவளுக்குன்னு ஊர்ல யாருவே இருக்கா?" என்றான் பிச்சைக்கனி.

அந்த வீட்டில் வெள்ளத்தாயும் வண்டியில் ஏறியதில்லை. ரேஷனுக்கு நடந்துபோய் நடந்து வந்தாள். எதற்காக அவள் ஏறவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவனைப் போலவே அவளும் ஒன்றைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள், அது அவன்மேல் உள்ள வெறுப்பு. ஊர் முழுக்க மனம் நிறைந்து சிரித்துக்கொண்டிருக்க, ஓடு வேய்ந்த அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் இரண்டு பேர் இரண்டு தீயை அணையாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெயக்கொடி செத்த பன்னிரண்டாம் வருஷத் திதி அன்று காலை பத்து மணி பஸ்ஸில் தவசிமுத்து வந்து இறங்கினான்.

பாதியாகிப்போயிருந்தான். கன்னம் ஒட்டி, சட்டை கம்பில் மாட்டினதுபோலத் தொங்கியது. பஸ் ஸ்டாப்பில் வண்டியோடு நின்ற பிச்சைக்கனியைப் பார்த்ததும் ஓடவில்லை, கிட்டே வந்து அவனுடைய ஒற்றைக்கால் பக்கம் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான், என்னால முடியல. சோறு தொண்டைல எறங்க மாட்டேங்கு. கண்ண மூடினா பிள்ள, மாமா மெதுவாப் போங்க மாமான்னு முதுகத் தட்டுது. இன்னைக்கு அக்காகிட்டச் சொல்லிருதேன். நான்தான் ஓட்டினேன்னு சொல்லிருதேன். அப்புறம் அவ என்ன வெட்டினாலும் சரி."

பன்னிரண்டு வருஷமாகப் பிச்சைக்கனி மனதுக்குள் ஓட்டிப் பார்த்த அத்தனை பேச்சும் அந்த நேரத்தில் வராமல், "வெயில்ல உக்காராத, எந்திரி" என்பது மட்டும் வந்தது.

வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். தவசிமுத்து நாலடி நடந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தது. திதிக்கு வந்த மச்சினனை அத்தான்காரன் பஸ் ஸ்டாப்பிலிருந்து கூட்டிப்போகவேண்டும். வண்டியை வைத்துக்கொண்டு அவனை மணலில் நடக்கவிட்டவனுக்கு அந்தப் பக்கத்தில் பச்சைத்தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள். அதுமட்டுமல்ல. பிச்சைக்கனி கணக்குப் போட்டுப் பார்த்தான். ஏறினவர்கள் எல்லாரும் இறுக்கிப் பிடித்திருந்ததை விட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். தங்கபுஷ்பம் மரத்தை விட்டாள். போஸ்ட்மேன் மனுவை விட்டார். இவன் பன்னிரண்டு வருஷமாக இறுக்கிப் பிடித்திருப்பது ஒரு பொய்யை. அதை விட்டுவிட்டால் உண்மை தானாக வெளியே வந்து விழுந்துவிடும், வாசற்படியில் பயந்து பின்வாங்கவும் மாட்டான். இப்படி நினைத்து, பின்சீட்டுப் புழுதியைத் தன் துண்டாலேயே தட்டி, "ஏறு" என்றான்.

கொஞ்ச தூரம் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. ரேஷன் கடை தாண்டும்போது விம்மலாயிற்று. கோவிலுக்குக் கிட்டே மூக்கைச் சிந்துகிற சத்தம். ஓடைப் பாலத்தில் வண்டி ஏறியது. உடைந்த கைப்பிடிச் சுவரை இன்னும் கட்டவில்லை. பிச்சைக்கனி அந்த இடத்தில் எப்போதும்போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தான். அப்போது பின்னாலிருந்து தவசிமுத்துவின் குரல் கேட்டது, அலைபாயாத, தெளிந்த குரல்.

"இந்த வாகமரம் நல்லா வளந்துருச்சே அத்தான்."

பிச்சைக்கனி பிரேக்கை அழுத்தினான். அழுத்தி என்ன செய்ய.

வீட்டில் போட்டோவுக்கு முன் இலை போட்டிருந்தது. தவசிமுத்து அக்காளைப் பார்த்துச் சிரித்தான், மருமகள் படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டான், எழுந்து கை கழுவிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மூன்று தரம் சோறு வாங்கினான். "சாம்பார் பிரமாதம்க்கா, முருங்கக்கா நம்ம மரமா?" என்றான். தம்பி சாப்பிடுவதைப் பார்த்து வெள்ளத்தாய்க்குக் கண் கலங்கியது. பிச்சைக்கனி தன் இலையைத் தொடவில்லை.

"தவசி, என்னமோ சொல்லணும்னு வந்தியே."

"என்னது அத்தான்?" என்று யோசித்து, "ஓ, அதுவா. அது சரியாப் போச்சு அத்தான்" என்றான்.

"எது சரியாப் போச்சு? சொல்லுலே. யாரு ஓட்டினா அன்னைக்கு? உங்க அக்கா மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

தவசிமுத்து தண்ணீரைக் குடித்தான். பொய் சொல்லும் கலக்கம் அவன் முகத்தில் இல்லை, உண்மை சொல்லும் கலக்கமும் இல்லை.

"எவரு ஓட்டினா என்ன அத்தான். பிள்ள போயிட்டு. இனிமே அதப் பேசி என்ன செய்ய? எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல."

அது வெள்ளத்தாய் காதில் வேறு மாதிரி விழுந்தது. கொன்றவனை மறுபடி குற்றம் சொல்ல மனமில்லாமல் விட்டுக்கொடுக்கிற பெருந்தன்மையாக விழுந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து அவள் புருஷனிடம் முதல் வார்த்தை பேசினாள்.

"அவன விடும். அவனுக்கு இருக்க கொணம் உமக்கு இல்ல."

நாற்பதாம் நாள் தவசிமுத்து தூக்கத்தில் செத்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது என்றார்கள். நல்ல சாவு என்று ஊர் மெச்சியது. கள்ளிவிளையில் பாடையைத் தூக்குமுன் ஊர்ப் பெரியவர் வாசலில் நின்று, செத்தவன் யாருக்காவது கொடுக்கவேண்டியது உண்டா என்று மூன்று தரம் கேட்பது வழக்கம். இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் பிச்சைக்கனி கம்பை ஊன்றி முன்னால் வந்தான்.

"எனக்கு உண்டு."

தவசிமுத்துவின் மகன் அழுகையை நிறுத்திவிட்டு, "எவ்வளவு மாமா?" என்றான்.

"துட்டு இல்லலே. ஒரு வார்த்த. வண்டிய ஓட்டினது நான்தான்னு அவன் சொல்லணும். பஸ் ஸ்டாப்ல எங்கிட்டச் சொன்னான். வீட்டுல சொல்லல."

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சவத்து மேலயா வே பழி போடுதீரு? வார்த்தய இனி யாருவே குடுக்க? எடுங்கலே." எடுத்தார்கள்.

பிற்பகலில் எல்லாம் முடிந்தது. செம்புளிவிளையிலிருந்து வந்தவர்கள், காறித் துப்பியவர்கள் உள்படத்தான், இரண்டிரண்டு பேராக வண்டியில் ஏறினார்கள், ஊரில் இறங்கும்போது துக்கம் தீர்ந்து இறங்கினார்கள். அவன் போய்ப்போய் வந்தான். கடைசியாகப் பனங்காட்டு ஓரத்தில் வெள்ளத்தாய் ஒருத்திதான் நின்றாள். பஸ் இல்லை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. வண்டிக்கு அருகே வந்தாள், பின்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

"ஏறிக்கிடுதேன்," என்றாள். "பன்னெண்டு வருசமா உம்ம வெறுத்து வெறுத்து எனக்கு அலுத்துப்போச்சு. ஒருவழியா முடிஞ்சு போவட்டும்."

அவனுக்கு அந்த ஆறு கிலோமீட்டரும் கண்முன்னால் ஓடியது. ஊரில் இறங்கும்போது அவள் சிரிப்பாள். நாளைக்குச் சோறு வைக்கும்போது பேசுவாள். உப்பு போதுமா என்று கேட்பாள். ராத்திரி காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். செத்த பிள்ளையின் படத்தைத் துடைத்துக்கொண்டே, போனது போகட்டும் என்பாள்.

"ஏறாத," என்றான்.

"ஏன்?"

"எறங்கும்போது நீ என்ன மன்னிச்சிருப்ப."

"அதுக்குத்தான ஏறுதேன்."

"நான் செய்யாததுக்கு மன்னிப்பு எனக்கு எதுக்குட்டி? நடந்து வா."

அவள் கம்பியை விட்டாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அவன் கைக்கியரை ஒன்றில் போட்டு, காலிப் பின்சீட்டோடு பத்தடி பின்னால் போனான். மணல் வந்த இடத்தில் அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சரியாக இரண்டு கிலோமீட்டர் போனபிறகு நின்று திரும்பி, அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டாள்.

"நீருதான ஓட்டினீரு?"

"இல்ல. தவசி ஓட்டினான்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எஞ்சின் சூட்டில் துடித்துக்கொண்டிருந்தது.

"பொய்," என்றாள். திரும்பி நடந்தாள். ஊர் வர இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தது.